சங்கத்தின் இணையதளமும் உள்ளடக்க நிர்வாக முறையும்

நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், தனக்கென ஓர் இணையதளம் அமைத்துக்கொள்வது இன்று அரிய காரியமன்று. ஆனால், அதனை ஒருமுறை கட்டி முடிப்பதினும், நாள்தோறும் உண்மை நிலையில் வைத்திருப்பதே கடினம். சென்ற ஆண்டின் சேலை விலையையும், முடிந்துபோன தள்ளுபடி விற்பனையையும், பதவியினின்று விலகிய தலைவரின் பெயரையும் தாங்கி நிற்கும் தளம், வாங்க வருவோரின் நம்பிக்கையைக் குலைத்துவிடும். இக்குறையைப் போக்க உதவும் சாதனமே உள்ளடக்க நிர்வாக முறை என்னும் மென்பொருள்.

பழைய முறை

இணையம் பரவத் தொடங்கிய காலத்தில், தளத்தின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பாக எழுதப்பட்டது. தொலைபேசி எண் ஒன்று மாறினால், அது காணப்படும் பக்கங்கள் அனைத்தையும் திறந்து திருத்த வேண்டும். அதற்குக் கணினி மொழி அறிந்தவர் தேவை. ஆகவே, சிறு திருத்தத்திற்கும் தளம் அமைத்துக் கொடுத்தவரையே சங்கம் எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது.

புதிய முறை இயங்கும் விதம்

ஜக்கார்டு தறியில் அட்டைகளை மாற்றினால் உருவம் மாறுகிறது. தறியை மாற்ற வேண்டுவதில்லை. அதுபோல, இம்முறையில் செய்தியும் தோற்றமும் பிரித்து வைக்கப்படுகின்றன. எழுத்தும் விலையும் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகின்றன. தோற்றத்தை வார்ப்புரு தீர்மானிக்கிறது. வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்கும்பொழுது மென்பொருள் இவ்விரண்டையும் இணைத்துக் காட்டுகிறது. கடிதம் தட்டச்சுச் செய்யத் தெரிந்த எழுத்தரே புதிய விலைப்பட்டியலைத் தமிழில் ஏற்றிவிடலாம்.

நன்மைகள்

முதலாவது, பொறுப்புப் பங்கீடு. எழுதுவோர் ஒருவராகவும், சரிபார்த்து வெளியிடுவோர் மற்றொருவராகவும் அமையலாம். ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் உண்டு. நிர்வாகக் குழுவின் இசைவு பெறாத அறிவிப்பு வெளியாகாமல் தடுக்க இது பயன்படும்.

இரண்டாவது, பிழை நேரினும் மீட்சியுண்டு. இத்தகைய மென்பொருள்கள் பல, பக்கத்தின் முந்திய வடிவங்களைக் காத்து வைத்திருக்கின்றன. வேண்டும்போது பழைய வடிவத்திற்குத் திரும்பலாம்.

மூன்றாவது, செலவுச் சிக்கனம். 2001-இல் வெளிவந்த துரூபல், 2003-இல் வந்த வேர்ட்பிரஸ், 2005-இல் வந்த ஜூம்லா ஆகிய மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை. இவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். பலர் உழைப்பால் வளர்ந்து யாவருக்கும் பொதுவாக விளங்கும் இவை, கூட்டுறவு நெறிக்கு அந்நியமானவை அல்ல. தளப்பெயருக்கும், தளத்தை வைத்திருக்கும் சர்வருக்கும் உரிய கட்டணம் மட்டும் தனியே உண்டு.

நான்காவதே தலையாயது. ஒரு தொழில்நுட்பர் விலகினாலும், அம்மென்பொருளை அறிந்த வேறொருவர் பணியைத் தொடரலாம். தளம் தனிமனிதர் கைக்குள் அடங்கிவிடாது.

கவனிக்க வேண்டியவை

நன்மையோடு கடமையும் வருகிறது. மென்பொருளையும் அதனுடன் சேர்க்கும் செருகுநிரல்களையும் அவ்வப்போது புதுப்பிக்காவிடில், தீயோர் உட்புக வழி ஏற்படும். தேவையற்ற செருகுநிரல்களை நீக்கிவிடுதல் நலம். தளத்தின் முழு நகலை ஒழுங்காக எடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். தளப்பெயர் சங்கத்தின் பெயரிலேயே பதிவாகியிருத்தல் இன்றியமையாதது. முதன்மைக் கடவுச்சொல்லும் சங்கத்தின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் பிறரிடம் இருப்பின், வேறெந்த வசதியும் சங்கத்திற்கு உரிமையாகாது.

என்றும் மாறாத இரண்டு மூன்று பக்கங்களே போதுமெனில், இம்முறை தேவையில்லை. எளிய பக்கங்களே சாலும். விலையும் இருப்பும் அறிவிப்பும் அடிக்கடி மாறும் சங்கங்களுக்கோ இது பேருதவியாகும்.

பேரேட்டை நாம் பிறர் கையில் விட்டுவைப்பதில்லை. உலகோர் காணத் திறந்து வைத்துள்ள இணையதளத்தையும் அவ்வாறே நம் பொறுப்பில் வைத்துக்கொள்வோமாக. தளம் அமைக்கும் ஒப்பந்தம் பொதுக்குழுவின் முன் வரும்பொழுது, அது எவர் பெயரில் பதிவாகிறது, திருத்தும் உரிமை எவருக்கு உண்டு என்னும் இரு கேள்விகளையும் அங்கத்தினர் தவறாது எழுப்புதல் வேண்டும்.