ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி: படத்தோட டேட்டா டைப்பை மாத்துறதுக்கு முன்னாடி

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து இந்த வாரக் கடிதம். எபிசோடில் ஓபன்சிவி பத்திப் பேசினோம். டேட்டா டைப் மாற்றத்தை மட்டும் எழுத்துக்கு ஒதுக்கி வெச்சேன். எண்களைக் கண்ணால பார்த்தாத்தான் அது பிடிபடும்.

நமக்குத் தெரிஞ்ச ஒரு கதையிலிருந்தே தொடங்கலாம். 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலவில் மோதியது. நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் எடுத்த படங்கள் அந்த மாதம் 26ஆம் தேதி வெளியாயின. சென்னையைச் சேர்ந்த சண்முக சுப்பிரமணியன் அவற்றைப் பழைய படங்களோட ஒப்பிட்டு, புதுசா ஒரு புள்ளியைக் கண்டுபிடிச்சார். டிசம்பரில் நாசா அதை உறுதி செய்தது. ஒரு பிக்சல் 1.3 மீட்டர் அளவுள்ள அந்தப் படத்தில், சிதறல் தெரிந்தது ஒரே ஒரு பிக்சலாக. நவம்பரில் எடுத்த படங்களில்கூடப் பெரிய துண்டுகள் சுமார் 2×2 பிக்சல்தான்; அவற்றின் நிழல் ஒரு பிக்சல்.

அவர் கண்ணால ஒப்பிட்டார். அதே வேலையை நாம கோடு எழுதிச் செஞ்சா என்ன ஆகும்?

'பின்' படத்திலிருந்து 'முன்' படத்தைக் கழிக்கணும், அவ்வளவுதானே! ஒரு பிக்சல் முன்பு 120, இப்போ நிழல் விழுந்து 100. விடை மைனஸ் 20. ஆனா யூஇன்ட்8 என்பது 0 முதல் 255 வரை மட்டுமே கொள்ளும் பாத்திரம். நம்பை அர்ரேவா நேரடியா கழிச்சா, எண் சுத்தி வந்து 236 ஆகிடும். லேசா இருண்ட இடம், படத்திலேயே பளிச்சுனு மின்னும். இல்லாத சிதறல் கிடைச்சாச்சு!

ஓபன்சிவியின் சப்ட்ராக்ட் ஃபங்ஷனில் கழிச்சா விடை 0. அது எல்லையைத் தாண்டாம ஓரத்திலேயே நிறுத்திடும். இதுக்குப் பேர் சாச்சுரேஷன். பொய்யான புள்ளி வராது, ஆனா நிழல் காணாமப் போயிடும். வித்தியாசத்தின் அளவு மட்டும் போதும்னா ஆப்ஸ்டிஃப், விடை 20. கூடியதா குறைஞ்சதான்னும் தெரியணும்னா, இரண்டு படங்களையும் முதல்ல இன்ட்16 அல்லது ஃப்ளோட்32க்கு மாத்திட்டுக் கழிங்க.

அடுத்த சிக்கல், பாத்திரம் வேற, உள்ளே இருக்கிற அளவு வேற. பல அறிவியல் கேமராக்கள் 12 பிட், அதாவது 0 முதல் 4095 வரை தரும். ஃபைலில் அது யூஇன்ட்16ஆக உட்கார்ந்திருக்கும். இதை 8 பிட்டுக்குக் கொண்டுவர மூணு வழி பார்ப்போம்.

வெறும் ஆஸ்டைப் போட்டா மேல் பிட்கள் வெட்டுப்படும். 4000 என்பது 160 ஆகும். படம் கோலம் கலைஞ்ச மாதிரி இருக்கும்.

256ஆல் வகுத்தா, 65535 வரை நிரம்பியிருக்குன்னு நினைச்சு வகுக்கிறோம். நம்ம 4095 வெறும் 15 ஆகும். படம் கிட்டத்தட்ட கருப்பு.

16ஆல் வகுப்பதுதான் சரி. அதுக்கும் விலை உண்டு. 2000, 2007 இரண்டுமே 125 ஆகிடும். நீங்க தேடுற புள்ளி அந்த 7இல் இருந்தா, அவ்வளவுதான், போச்சு.

ஃப்ளோட்டிலும் ஒரு பொறி இருக்கு. 200ஐ ஃப்ளோட்32 ஆக்கினா 200.0 தான் கிடைக்கும். ஓபன்சிவியின் இம்ஷோவோ ஃப்ளோட் படம் 0 முதல் 1 வரைன்னு எடுத்துக்கிட்டு 255ஆல் பெருக்கிக் காட்டும். திரை முழுக்க வெள்ளை. கன்வர்ட்டூவில் 1/255ஐப் பெருக்கெண்ணாகக் கொடுத்தா சரியாகும். சைகிட்-இமேஜில் இமேஜ்-ஆஸ்-ஃப்ளோட் இந்த வகுத்தலை அதுவே செய்யும். இரண்டையும் கலந்து பயன்படுத்தும்போது இருமுறை வகுத்துடாதீங்க.

இன்னொண்ணு: இம்ரீட் சொல்லாமலே 16 பிட் படத்தை 8 பிட்டாக்கித்தான் தரும். இம்ரீட்-அன்சேஞ்ச்ட் என்ற கொடியைக் கொடுத்தா அசல் கிடைக்கும்.

நிலவுக்கு மட்டும் இல்ல இது. எங்க ஊர்ல மெக்கிலின் மெக்டொனால்ட் வளாகத்தில் வேளாண்மை கற்பிக்கிறாங்க. பயிரைப் பார்க்கிற தெர்மல் கேமரா ஆகட்டும், மருத்துவ ஸ்கேன் ஆகட்டும், பெரும்பாலும் 8 பிட்டுக்குள் அடங்காது. அங்கே தொலையுற ஒரு புள்ளி, வாடத் தொடங்கிய இலையா இருக்கலாம், நுரையீரலில் ஒரு சின்னக் கட்டியாகவும் இருக்கலாம்.

அதனால வரிசை இதுதான்: படத்தை அசலாகப் படிங்க. டைப், மின், மேக்ஸ் மூணையும் பிரிண்ட் பண்ணிப் பாருங்க. பெரிய டைப்பில் கணக்குப் போடுங்க. 8 பிட்டுக்கு மாத்துறது கடைசியில், திரையில் காட்ட மட்டும்.

கேள்வி இருந்தா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!