97 ரன்னும் 71 ஸ்ட்ரைக் ரேட்டும்: ஒரகடம் டீக்கடையில் ஒரு கிரிக்கெட் பஞ்சாயத்து

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அங்கே இருக்கும் எந்த டீக்கடையிலும் நிற்க இடம் கிடைக்காது. ஒரே மாதிரி சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். கம்பெனி பஸ் வரும்வரை பேசித் தீர்க்க ஒரு விஷயம் வேண்டும். நான் போயிருந்த அன்று அந்த விஷயம், கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த்.

"ஸ்ட்ரைக் ரேட் 71. ஆவரேஜ் 29. இன்னைக்கு இருந்தா டி.என்.பி.எல்-லகூட பெஞ்ச்லதான் சார் உக்காரணும்" என்றார் ஒரு தம்பி. டிப்ளோமா முடித்து, கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருப்பவர். எதிரே நின்ற சூப்பர்வைசருக்கு வயது 62. ரிட்டயர் ஆன பிறகும் கான்ட்ராக்ட்டில் வேலைக்கு வருகிறார். அவர் முகம் சுருங்கிப்போனது. தன் இருபதாவது வயதில் பார்த்து ரசித்த ஒருவரை இரண்டே எண்ணில் அடித்துப் போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

எண்கள் பொய் இல்லை. 146 ஒருநாள் போட்டிகள், 4,091 ரன், சராசரி 29.01, ஸ்ட்ரைக் ரேட் 71.74. ஆனால் அதே காலத்தில் ஆடிய மற்ற தொடக்க வீரர்களின் எண்களைப் பக்கத்தில் வைத்தால் கதை மாறுகிறது. உலகமே நடுங்கிய வெஸ்ட் இண்டீஸ் ஜோடியில் கார்டன் கிரீனிட்ஜின் ஸ்ட்ரைக் ரேட் 64.92, டெஸ்மண்ட் ஹெய்ன்ஸுடையது 63.09. நம்ம சுனில் கவாஸ்கருக்கு 62.26. (1975 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக 174 பந்துகள் ஆடி 36 நாட் அவுட் என்று நின்றவர் அவர். அந்த அணிக்கு கேப்டன் நம்ம சென்னை வெங்கட்ராகவன். பெவிலியனில் அவர் பல்லைக் கடித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.)

1983 இறுதிப்போட்டியையே எடுத்துக்கொள்வோம். லார்ட்ஸில் இந்தியா எடுத்த 183 ரன்னுக்கு 54.4 ஓவர், அதாவது 328 பந்துகள். 100 பந்துக்கு 56 ரன் என்ற வேகம். ஸ்ரீகாந்த் அடித்தது 57 பந்தில் 38. 7 ஃபோர், ஒரு சிக்ஸர். 100 பந்துக்கு 67 ரன் வேகம். அன்று இரண்டு அணிகளிலும் சேர்த்து அதிக ரன் எடுத்தவர் அவர்தான். ஆண்டி ராபர்ட்ஸ் பந்தை ஒரு காலில் மண்டியிட்டு அவர் விளாசிய ஸ்கொயர் டிரைவை சூப்பர்வைசர் டீ கிளாஸோடு நடித்தே காட்டினார். பாதி டீ தரையில்.

அதற்காக ஸ்ரீகாந்தை உச்சாணிக் கொம்பில் ஏற்றிவிட முடியாது. அதே காலத்தில்தான் விவியன் ரிச்சர்ட்ஸும் ஆடினார்: சராசரி 47, ஸ்ட்ரைக் ரேட் 90.20. டெஸ்ட்டில் ஸ்ரீகாந்துக்கு 43 போட்டிகளில் இரண்டே சதங்கள். புள்ளிவிவரம் அவரை மேதை ஆக்கவில்லை. 'கண்ணை மூடிக்கொண்டு சுத்துவார்' என்ற கேலியில் இருந்து மட்டும் காப்பாற்றுகிறது. போகிற போக்கில் ஒன்று: 1988-ல் நியூசிலாந்துக்கு எதிரான ஒரே ஒருநாள் தொடரில் அவர் இரண்டு முறை ஐந்து விக்கெட் எடுத்திருக்கிறார். கடையில் இருந்த யாருமே இதை நம்பவில்லை. போனில் காட்டவேண்டியிருந்தது.

ஒருவர் எந்தக் காலத்தில், எந்த ஆடுகளத்தில், யாருடைய பந்தை எதிர்த்து ஆடினார் என்பதையும் கணக்கில் சேர்ப்பதுதான் இன்றைய புள்ளிவிவரத்தின் அடிப்படை. இதில் முன்னோடி அமெரிக்க பேஸ்பால். பெர்ட் பிளைலெவன் என்ற பந்துவீச்சாளர் 287 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். பெரியவர்கள் பட்டியலான 'ஹால் ஆஃப் ஃபேமில்' சேர 300 வெற்றி இருந்தால் நல்லது என்று ஓட்டுப் போடுபவர்கள் நினைத்தார்கள். பேஸ்பாலில் பந்துவீச்சாளரின் கணக்கில் வெற்றி சேர, அவருடைய அணி மட்டை பிடித்து ரன் எடுத்துத் தரவேண்டும். அணி சொதப்பினால் இவர் என்ன செய்வார்? கணக்குப் பிள்ளைகள் இதையே வருடக்கணக்கில் வாதாடி, 14-வது முயற்சியில், 2011-ல் அவரை உள்ளே கொண்டுபோனார்கள்.

நம்ம ஊரில் இதற்கு இணையாக ஒரு கதை உண்டென்றால், அது சேப்பாக்கத்தில் நடந்தது.

1975 ஜனவரி, பொங்கல் டெஸ்ட். ஐந்து போட்டிகள் கொண்ட தொடரில் முதல் இரண்டில் தோற்ற இந்தியா, கல்கத்தாவில் ஜெயித்துவிட்டு சென்னைக்கு வந்திருந்தது. முதல் இன்னிங்ஸில் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து 7 விக்கெட் சாய்த்தார். இந்தியா 190 ஆல் அவுட். அதில் குண்டப்பா விஸ்வநாத் மட்டும் 97 நாட் அவுட். கடைசி ஆள் சந்திரசேகர் அவுட் ஆனதால் சதத்துக்கு மூன்று ரன் குறைந்துபோனது. சூப்பர்வைசருக்கு அப்போது 12 வயது. ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர், அன்று சந்திரசேகரைத் திட்டித் தீர்த்ததாகச் சொன்னார்.

சாதனைப் புத்தகத்தில் இந்த இன்னிங்ஸுக்கு என்ன மதிப்பு? சதங்கள் என்ற கட்டத்தில் இடமில்லை. அது வெறும் ஓர் அரைசதம். விஸ்வநாத்தின் மொத்தக் கணக்கு 91 டெஸ்ட், 6,080 ரன், 14 சதம், சராசரி 41.93. மைத்துனர் கவாஸ்கரின் 34 சதங்களுக்கும் 51.12 சராசரிக்கும் முன்னால் இந்த எண்கள் எப்போதும் இரண்டாம் இடத்தில்தான்.

2001-ல் விஸ்டன், அதுவரை ஆடப்பட்ட டெஸ்ட் இன்னிங்ஸ்களை எல்லாம் கணினியில் போட்டு எடைபார்த்தது. எத்தனை ரன் என்பதோடு, ஆடுகளம் எப்படி, எதிரணிப் பந்துவீச்சு எவ்வளவு கூர்மை, அணியின் மொத்தத்தில் இவர் பங்கு எவ்வளவு, ஆட்டத்தின் முடிவு என்ன என்பதற்கும் மதிப்பெண். முதல் 100 இடங்களில் சச்சின் டெண்டுல்கரின் ஒரு இன்னிங்ஸ்கூட இல்லை என்று நாடே கொதித்தது. அந்தச் சத்தத்தில் பலர் கவனிக்காதது: சேப்பாக்கம் 97-க்கு 38-வது இடம். சதம் அடிக்காத இன்னிங்ஸ்களில் மட்டும் பார்த்தால் உலகிலேயே இரண்டாவது.

யோசித்தால் நியாயம் புரியும். 190-ல் 97 என்றால் பாதிக்கு மேல். அந்த டெஸ்ட்டில் ராபர்ட்ஸ் எடுத்தது மொத்தம் 12 விக்கெட். இந்தியா ஜெயித்தது 100 ரன்னில். அந்த 97-ஐக் கழித்துவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் சூப்பர்வைசர் இடையில் புகுந்தார். "அப்படியே எங்க வேலை சார் இது. ரெண்டு பேரு ஒரே பாகம் ஓட்டுறோம். அவன் 400 பீஸ், நான் 310. ஷீட்ல அவ்வளவுதான் வரும். அவன் கையில புது சி.என்.சி. என் கையில பழசு. மணிக்கு ஒருதரம் டூல் மாத்தணும், சைஸ் தப்பும், நிறுத்திச் சரிபண்ணணும். நான் எந்த மெஷின் ஓட்டினேன்னு எந்த ஷீட்லயும் இருக்காது." இதற்கு முன் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் மூன்று வருடம் இன்கிரிமென்ட் குறைந்ததற்கு இதுதான் காரணம் என்றார். அந்த மெஷினில் அவருக்குப் பிறகு வந்தவர் 260-ஐத் தாண்டவில்லையாம். அதையும் யாரும் குறித்துவைக்கவில்லை.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. குவாலிட்டி பிரிவில் இருப்பவர் அல்லவா. தினமும் அந்த ஷீட்டைப் பார்ப்பவர்.

சில சமயம் இந்தக் கணக்கு பழைய பெருமையைக் குறைக்கவும் கிளம்பும். முத்தையா முரளிதரனின் 800 விக்கெட்டில் 176, பங்களாதேஷ், ஜிம்பாப்வே அணிகளிடம் எடுத்தவை என்று சுட்டிக்காட்டியவர்கள் உண்டு. ஷேன் வார்னேவுக்கு அந்த வகையில் கிடைத்தவை 17 மட்டுமே. சரி, கழித்துவிடுவோம். முரளிக்கு மிஞ்சுவது 624 விக்கெட், சராசரி 25-க்குச் சற்றுக் குறைவு. வார்னேயின் மொத்த சராசரி 25.41. குறை சொல்ல எடுத்த கணக்கு, கடைசியில் கண்டிக்காரருக்கே சாட்சி சொன்னது.

இப்போது இந்த வேலை நம் பக்கத்திலேயே நடக்கிறது. 2019-ல் சென்னை ஐ.ஐ.டி-யோடு சேர்ந்து இ.எஸ்.பி.என் கிரிக்இன்ஃபோ தளம் 'சூப்பர்ஸ்டாட்ஸ்' என்று ஒரு கணக்கு முறையைக் கொண்டுவந்தது. நெருக்கடியில் எடுத்த ரன்னுக்குக் கூடுதல் மதிப்பு, லேசான நேரத்தில் எடுத்த ரன்னுக்குக் குறைவு. கேட்ச் தவறியதாலும் நடுவர் தவறாலும் ஒருவருக்கு எவ்வளவு லாபம் என்று சொல்ல 'லக் இன்டெக்ஸ்' தனியாக.

அந்த அதிர்ஷ்டக் கணக்கைக் கேட்டதும் பேச்சு வெங்கட்ராகவனிடம் வந்து நின்றது. கிண்டியில் படித்த இன்ஜினீயர், ஸ்ரீகாந்த் மாதிரியே. ரஞ்சியில் 530 விக்கெட். டெஸ்ட்டில் 57 போட்டிகளில் 156, சராசரி 36.11, ஒரு விக்கெட்டுக்கு 95 பந்துகள். சக சுழல் வீரர்களான பேடி, பிரசன்னா, சந்திரசேகர் மூவரின் சராசரியும் 28-இல் இருந்து 31-க்குள். ஓவருக்கு 2.27 ரன்தான் கொடுத்தார் என்பதைத் தவிர, வெங்கட்டுக்காக வாதாட என்னிடம் எண் எதுவும் இல்லை. நல்ல ஃபீல்டர் அவர், 44 கேட்ச் பிடித்தவர். அவருடைய பந்தில் மற்றவர்கள் பிடித்ததைத்தான் ஸ்கோர் அட்டை சொல்கிறது, விட்டதைச் சொல்வதில்லை.

"அவர் பால்ல எத்தனை கேட்ச் விட்டாங்கன்னு எங்கயாவது இருக்கா தம்பி?" என்றார் சூப்பர்வைசர்.

தம்பி போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் பஸ் ஹாரன் அடித்தது. தேடிக்கொண்டே ஏறினார்.