தம்பி கொண்டுவந்த ஜப்பான் கத்தி

என் தம்பி கப்பல் வேலைக்காரன். சில வருஷங்களுக்கு முன் விடுப்பில் புன்னக்காயல் வந்தபோது, "அக்கா, ஜப்பான்ல வாங்கினது. பத்திரமா வச்சுக்கோ" என்று ஒரு சின்ன அட்டைப் பெட்டியை நீட்டினான். திறந்தால் கத்தி! பிடியோடு சேர்த்தே ஒரு சாண்தான் இருக்கும்.

மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது என்ன, பென்சில் சீவவா?" என்று சிரித்தார். அருவாமனையிலேயே ஆயுசெல்லாம் மீன் அறுத்தவர் அல்லவா! ஆனால் பழுத்த தக்காளியில் அந்தக் கத்தியை வைத்ததும் நான் அசந்து போனேன். சாறு சிந்தாமல், தோல் நசுங்காமல் வில்லை வில்லையாக விழுந்தது.

அப்படிப்பட்ட கத்தியை ஆறே மாதத்தில் நானே பாழாக்கினேன். உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், பாறை மீன் தலையை அதனால் பிளந்தேன். விளிம்பில் ஒரு சில்லு தெறித்தது. இன்னொரு நாள் மீன் அறுத்த கத்தியை இரவெல்லாம் தொட்டியில் போட்டுவிட்டேன். காலையில் துருப் புள்ளிகள். சாணை பிடிக்கிறவர் வந்தபோது அவரிடம் நீட்டினேன். பொறி பறந்தது, சூட்டில் விளிம்பின் பதமும் பறந்தது. அவர்மேல் குற்றமில்லை. அவர் சக்கரம் அரிவாளுக்கு ஏற்றது.

பிறகு ஒரு நாள் வெங்காயம் நறுக்கும்போது, மழுங்கிய கத்தி ஓடவில்லையே என்று பலமாக அழுத்தினேன். வழுக்கி இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. இரண்டு தையல்! பக்கத்தில் நின்ற நாலு வயது மகள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. கூரான கத்தியைவிட மழுங்கிய கத்திக்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.

அடுத்த விடுப்பில் தம்பி காரணம் சொன்னான். இரும்பின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் ஐரோப்பியக் கத்திகள் 56-ஐ ஒட்டியும், ஜப்பான் கத்திகள் பெரும்பாலும் 60-ஐ ஒட்டியும் இருக்குமாம். கடினம் கூடினால் கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் எலும்பில் பட்டால் வளையாது, சில்லுப் போகும்.

கத்தி வந்த ஊர் சாக்காய். எங்கள் முத்துக்குளித்துறையில் நடமாடிய புனித சவேரியார் 1549-ல் ஜப்பானில் இறங்கி, பிறகு அந்தச் சாக்காய்க்கும் போயிருக்கிறார். அங்கே அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. இதைக் கேட்டபின் மாமியார் கத்தியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது!

வாங்கும்போது

இந்தச் சிறு கத்திக்கு 'பெட்டி' என்றே பெயர். அலகு 12 முதல் 15 சென்டிமீட்டர் போதும். கார்பன் எஃகு எளிதில் கூரேறும், ஆனால் சீக்கிரம் துருப்பிடிக்கும். கடற்கரை வீட்டுக்கு ஸ்டெயின்லெஸ்தான் நல்லது. அதையும் ஈரத்தோடு விட்டால் உப்பு அரித்துவிடும். பிடியைக் கையில் பிடித்துப் பார்த்தே வாங்குங்கள்.

தினமும்

காய், பழம், வெங்காயம், எலும்பில்லாத மீன், கறி ஆகியவற்றை மட்டும் நறுக்குங்கள். தேங்காய், மீன் தலை, உறைந்த கறி எல்லாம் அருவாமனைக்கும் வெட்டுக்கத்திக்கும். மரப்பலகையில் நறுக்குங்கள், எவர்சில்வர் தட்டும் கிரானைட் மேடையும் கூரைத் தின்றுவிடும். எலுமிச்சை, புளி பட்டால் உடனே கழுவி, உலர்ந்த துணியால் கத்தியின் முதுகுப் பக்கமிருந்து துடைத்து வையுங்கள். கார்பன் எஃகானால் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், உறை போட்டு வைப்பது அவசியம்.

தீட்டும்போது

1000 எண் கொண்ட தண்ணீர்க்கல் ஒன்று போதும். கல்லைப் பத்து நிமிஷம் நீரில் ஊறவையுங்கள். கத்தியைப் படுக்க வைத்து, முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும் அளவு தூக்குங்கள். சரிவு மாறாமல் இரு பக்கமும் மெதுவாகத் தீட்டுங்கள். தூக்கிப் பிடித்த காகிதத்தைச் சுத்தமாக அறுத்தால் பதம் வந்துவிட்டது.

விரலில் பட்டுவிட்டால்

காப்பிப் பொடி, மஞ்சள் பொடி எதையும் அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். ரத்தம் நிற்காவிட்டாலோ, வெட்டு ஆழமாக இருந்தாலோ, விரல் மரத்துப் போனாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். தடுப்பூசி வேண்டுமா என்றும் கேளுங்கள்.

என் கத்தி என்ன ஆயிற்று என்கிறீர்களா? தம்பி 400 எண் கல்லில் இரண்டு மாலை உட்கார்ந்து தேய்த்துச் சில்லை எடுத்துக் கொடுத்தான். அலகு கொஞ்சம் குறுகிவிட்டது; ஆனால் கூர் திரும்பிவிட்டது. இப்போது மாதம் ஒரு முறை நானே தீட்டுகிறேன். மீனுக்கு மாமியாரின் அருவாமனை, வெங்காயத்துக்கு என் கத்தி என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

ஆனாலும் நான் அசந்த நேரம் பார்த்து, "ஏட்டி, அந்தப் பென்சில் கத்திய எங்க வச்ச?" என்று மாமியார் தேடத்தான் செய்கிறார்!