இளைத்தலும் உறுதிபெறலும்: மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் உணவும் உடலுழைப்பும்

முன்னுரை

நெடுநாள் காணாத உறவினரைச் சந்திக்கும்போது, “என்ன, இப்படி இளைத்துவிட்டீர்கள்?” என்று கவலையோடு வினவுவது தமிழர் வழக்கம். அவரே சற்றுப் பூசினாற்போல் தோன்றினால், “இப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கிறீர்கள்” என்று மகிழ்வதும் உண்டு. மெலிதல் நோயின் அல்லது வறுமையின் அறிகுறி. சதைப்பிடிப்பு நல்வாழ்வின் அறிகுறி. இக்கருத்து நம் அன்றாடப் பேச்சில் ஆழப் பதிந்துள்ளது. ஆனால், அதே மனிதர் மருத்துவரிடம் செல்லும்போது, எடையைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார். வீட்டின் சொல்லுக்கும் மருத்துவரின் சொல்லுக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்வோர் பலர்.

உடலைச் சீராக்கிக்கொள்வது என்றால் என்ன என்பதை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் வாழ்நிலையோடு பொருத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடை குறைவதைவிட, இடுப்பின் சுற்றளவு குறைவதும் தசை வலிமை பெறுவதுமே நமக்கு முதன்மையானவை என்பது இங்கு வலியுறுத்தப்படும் கருத்தாகும்.

தோட்டத்திலிருந்து நகரத்திற்கு

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ பத்துக் குறட்பாக்களைக் கொண்டது. அவற்றுள் ஆறு (942 முதல் 947 வரை) உண்ணும் முறையைப் பற்றியவை. முன்பு உண்டது செரித்த பின்னரே உண்ண வேண்டும், பசித்து உண்ண வேண்டும், உடலுக்கு ஒவ்வாததை விலக்க வேண்டும், அளவறிந்து உண்ண வேண்டும் என்பன அவற்றின் சாரம். இவ்வதிகாரத்தில் உடற்பயிற்சி பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. உழுதலும் நீர் இறைத்தலும் நெல் குற்றுதலும் அன்றாட வாழ்வாக இருந்த சமுதாயத்தில், உடலை அசைக்குமாறு தனியே அறிவுறுத்தும் தேவை எழுந்திருக்காது என்று கருதலாம்.

மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் வாழ்வும் இத்தகையதே. குளிர்ந்த வேளையில்தான் இரப்பர்ப் பால் நன்கு சுரக்கும் என்பதால், விடியலுக்கு முன்பே பெரட்டுக்கு நின்று, பின்னர் மேடும் பள்ளமுமான நிலத்தில் நடந்து, ஒவ்வொரு மரத்தின் முன்னும் நிமிர்ந்தும் குனிந்தும் பால் வெட்டினர். தோளில் தடியிட்டு இருபுறமும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்தனர். பிற்பகலில் விறகு வெட்டுதல், தோட்டமிடுதல், மாடு மேய்த்தல் எனப் பணிகள் தொடர்ந்தன. அத்தகைய உழைப்புக்கு நிறையச் சோறு வேண்டும். சோறும் சிறிதளவு குழம்பும் கருவாடும் அவ்வுழைப்புக்கேற்ற, குறைந்த செலவிலான எரிபொருளாக இருந்தன. பசியையும் கண்ட அம்மக்கள், இளைத்தலை அஞ்சியதில் வியப்பில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற்றப்பட்டும் போனபின், தமிழர் பெருமளவில் நகரங்களில் குடியேறினர். உழைப்பு நாற்காலிக்கும் வாகனத்துக்கும் மாறியது. தட்டில் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. அதனோடு எண்ணெயும் இறைச்சியும் இனிப்புப் பானமும் சேர்ந்துகொண்டன. காலையில் ரொட்டி சானாயோடும், இனிப்பூட்டிய கெட்டிப்பால் கலந்த தே தாரிக்கோடும் பசியாறுவது பலருக்கும் வழக்கமாயிற்று. அக்கெட்டிப்பாலில் ஏறத்தாழப் பாதி சீனியே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இம்மாற்றத்தின் விளைவைப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி, வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் மொத்த அளவு 11.3 விழுக்காடாகவும், இந்தியரிடையே 17.2 விழுக்காடாகவும் பதிவாயிற்று. இவ்வேறுபாட்டுக்கு மரபுக்கூறும் ஒரு காரணமாகும். எனவே, இதனைத் தனிமனிதரின் சோம்பலாக மட்டும் கருதுவது நேர்மையன்று.

மெலிந்த தோற்றமும் மறைந்த கொழுப்பும்

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைச் சுட்டெண். பொதுவாக 25க்கு மேற்பட்டால் மிகை எடை என்பர். ஆனால், உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004ஆம் ஆண்டில், ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய எண்களை எச்சரிக்கைப் புள்ளிகளாகப் பரிந்துரைத்தது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் ஏறத்தாழ 62.5 கிலோவைக் கடக்கும்போதே கவனம் கொள்ள வேண்டும் என்பது இதன் பொருள்.

ஏன் இந்த வேறுபாடு? 2004ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு சிறு குறிப்பு இதனை எளிதில் விளங்கவைக்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் யூட்கின் ஆகிய இருவரின் உடல் நிறைச் சுட்டெண்ணும் 22.3. எனினும், யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு. ஒரே சுட்டெண் கொண்ட இரு உடல்களில் ஒன்றில் தசை மிகுதி, மற்றொன்றில் கொழுப்பு மிகுதி.

தென்னாசியரிடம் இத்தன்மை பரவலாகக் காணப்படுகிறது. கையும் காலும் மெலிந்திருக்க, வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் தோற்றம் நமக்குப் பழக்கமானதே. வயிற்றினுள் உறுப்புகளைச் சூழ்ந்து சேரும் கொழுப்பு, இன்சுலின் செயல்படும் ஆற்றலைக் குறைக்கிறது. ஆகவே, எடைபார்க்கும் கருவியோடு அளவுநாடாவும் தேவை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளியிட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன.

சென்னை ஆய்வு காட்டும் வழி

வாழ்க்கைமுறை மாற்றத்தால் பயனுண்டா என்ற ஐயத்துக்குச் சென்னையில் நடந்த ஆய்வொன்று விடையளிக்கிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நிகழ்ந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006ஆம் ஆண்டில் வெளியாயின. நீரிழிவின் முன்நிலையில் இருந்த 531 பேர் இதில் பங்கேற்றனர். வாழ்க்கைமுறை மாற்றத்துக்கு உட்பட்டோர், நாள்தோறும் குறைந்தது 30 நிமிடம் விரைந்து நடக்கவும், சீனியையும் தீட்டிய மாவுப்பொருளையும் கொழுப்பையும் குறைக்கவும், நார்ச்சத்து மிக்க உணவைச் சேர்க்கவும் அறிவுறுத்தப்பட்டனர். வேலையிலேயே போதிய உழைப்பு உள்ளவர்கள் அதனைத் தொடருமாறு சொல்லப்பட்டனர்.

மூன்றாண்டுகளில், அறிவுரை பெறாத பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு தோன்றியது. வாழ்க்கைமுறையை மாற்றிய பிரிவில் அது 39ஆகக் குறைந்தது. மருந்து உட்கொண்ட பிரிவிலும் ஏறக்குறைய இதே பயன் கிட்டியது. இவ்வாய்வில் கவனிக்கத்தக்க செய்தி வேறொன்று: பங்கேற்றோரின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. எடை குறையாதபோதும் நோய் தள்ளிப்போயிற்று. ஒரு திங்கள் நடந்தும் எடை இறங்கவில்லையே எனச் சோர்ந்து முயற்சியைக் கைவிடுவோர் அறிய வேண்டிய உண்மை இது. மாற்றம் முதலில் உடலின் உள்ளே நிகழ்கிறது.

உணவு: அளவும் பங்கீடும்

ஒரு ரொட்டி சானாயில் ஏறத்தாழ 300 கலோரி உள்ளது. 70 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது ஏறத்தாழ 150 கலோரி. உண்டதையெல்லாம் நடந்தே தீர்த்துவிடலாம் என்னும் எண்ணம் பிழையானது என்பதை இக்கணக்குப் புலப்படுத்தும். எடையைக் குறைப்பதில் உணவே பெரும்பங்கு வகிக்கிறது.

மலேசியச் சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செபாரோ’ என்னும் தொடரால் தட்டின் பங்கீட்டை விளக்குகிறது. கால் பங்கு சோறு அல்லது பிற மாவுணவு. கால் பங்கு மீன், முட்டை, இறைச்சி, பருப்பு போன்ற புரதம். எஞ்சிய அரைப்பங்கு காய்கறியும் பழமும். சிங்கப்பூரின் வழிகாட்டியும் இப்பங்கீட்டையே கூறுகிறது. இது நமக்கு முற்றிலும் அயலானதன்று. வாழையிலையின் மேற்பாதியில் காய்கறிகளும் கீழ்ப்பாதியில் சோறும் பரிமாறுவதே நம் மரபு. இடம் பாதியாகப் பிரிக்கப்பட்டிருந்தும், காய்கறி ஒரு கரண்டியாகச் சுருங்கிச் சோறு குன்றாகக் குவிவதே சிக்கல். மேற்பாதியை நிறைத்துக் கீழ்ப்பாதியைக் குறைத்தால் மரபும் காக்கப்படும், உடலும் காக்கப்படும்.

சோற்றை அடியோடு விலக்குவோர் பெரும்பாலும் சில வாரங்களில் பழைய நிலைக்கே திரும்பிவிடுகின்றனர். இரண்டு அகப்பைச் சோற்றை ஒன்றாக்கி, அவ்விடத்தில் கீரையும் பருப்பும் சேர்ப்பது நிலைத்து நிற்கக்கூடிய மாற்றமாகும். பட்டினி கிடப்பதில் மற்றொரு கேடும் உண்டு. பயிற்சியின்றி உணவை மட்டும் குறைத்தால், இழக்கும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பல்லாத திசுக்களிலிருந்து போகிறது. அவற்றுள் தசையும் அடங்கும். அதனால்தான் முகம் வாடி, உடல் தளர்ந்து, உண்மையாகவே ‘இளைத்துப்போன’ தோற்றம் உண்டாகிறது. இவ்வகையில் நம் பாட்டிமாரின் கவலைக்கும் பொருளுண்டு. ஒவ்வொரு வேளையும் போதிய புரதம் உண்பது இவ்விழப்பைக் குறைக்கும். மரக்கறி உண்போருக்குப் பருப்பு, கடலை, தயிர், தவ்ஃபூ, தெம்பே ஆகியவை துணைபுரியும்.

பானங்களிலும் கவனம் தேவை. மலேசியா 2019 ஜூலை முதல் சீனி மிகுந்த பானங்களுக்கு வரி விதித்தது. சிங்கப்பூர் 2022 இறுதியில் பானங்களைச் சீனி, கொழுப்பு அளவின்படி தரப்படுத்தும் முறையை நடைமுறைப்படுத்தியது. எனினும், கடையில் ‘தே ஓ கோசோங்’ எனக் கேட்டுப் பெறும் பழக்கம் நம் கையில்தான் உள்ளது.

உடற்பயிற்சி: நடையும் தசைவலிமையும்

உணவிலிருந்து இரத்தத்தில் கலக்கும் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்வது தசையே. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் துணை குறைவாக இருந்தாலும் சர்க்கரை அதனுள் நுழைய வழி திறக்கிறது. உணவுக்குப் பின் பத்து அல்லது பதினைந்து நிமிடம் நடப்பதுகூடப் பயன் தருவது இதனால்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபடவும், குறைந்தது இரண்டு நாள் தசைவலிமைப் பயிற்சி செய்யவும் பரிந்துரைக்கிறது. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவுக்கு மூச்சு வாங்குவது மிதமான இயக்கத்துக்கு எளிய அளவுகோல்.

நம்மவரிடையே நடைப்பயிற்சி ஓரளவு பரவியுள்ளது. தசைவலிமைப் பயிற்சியோ இளைஞருக்கு மட்டும் உரியதாகக் கருதப்படுகிறது. வயது கூடக் கூடத் தசை குறைவதால், உண்மையில் முதியோருக்கே அது மிகத் தேவை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், நீர் நிரப்பிய புட்டியைத் தூக்கி இறக்குதல் ஆகியவற்றை வீட்டிலேயே செய்யலாம். பொது இடத்தில் பயிற்சி செய்யக் கூச்சப்படும் பெண்களுக்கும் இவை ஏற்றவை. சிலம்பமும் யோகமும் கூட்டாகச் செய்யும்போது ஊக்கம் குன்றாமல் இருக்கும். நீரிழிவு மருந்தோ இன்சுலினோ எடுப்போர், இதய நோய் உள்ளோர் ஆகியோர் மருத்துவரின் அறிவுரை பெற்றுத் தொடங்க வேண்டும்.

பள்ளியும் ஆசிரியரும்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992 முதல் 2007 வரை, மிகை எடை கொண்ட மாணவரைத் தனியே பிரித்துக் கூடுதல் பயிற்சி தரும் திட்டம் நடைமுறையில் இருந்தது. ‘டாஃப்’ என்னும் அதன் சுருக்கப்பெயரைத் திருப்பிப் படித்தால் ‘தடியர்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் கிடைக்கும். பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ள நெடுநேரம் ஆகவில்லை, கேலி எழுந்தது. 2007இல் அது கைவிடப்பட்டு, எல்லா மாணவரையும் உட்படுத்தும் முழுமையான உடல்நலத் திட்டம் கொண்டுவரப்பட்டது. நாணத்தைத் தூண்டிப் பயிற்றுவது நல்வழியன்று என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

தமிழாசிரியர் இங்கு ஆற்றக்கூடிய பணி பெரிது. ‘மருந்து’ அதிகாரத்தைப் பொருள் கூறி முடிப்பதோடு நில்லாமல், மாணவர் தம் வீட்டுத் தட்டின் பங்கீட்டை வரைந்து வரவும், தாத்தா பாட்டியின் ஒருநாள் உழைப்பைக் கேட்டு எழுதவும் பணிக்கலாம். ‘குண்டு’, ‘ஒல்லி’ என உடலைச் சுட்டும் சொற்களைத் தவிர்த்து, ‘உறுதி’, ‘சுறுசுறுப்பு’, ‘வலிமை’ எனச் செயலைப் பாராட்டும் சொற்களை வகுப்பில் பழக்கலாம். மொழி பயிற்றுவோரால் இயல்பாகச் செய்யக்கூடிய மாற்றம் இது.

முடிவுரை

உழைப்பு மிகுந்த காலத்தில் உருவான உணவுப் பழக்கம், உழைப்புக் குறைந்த காலத்திலும் தொடர்வதே நம் சிக்கலின் வேர். சோற்றைப் பகையாக்குவதாலோ எடையெண்ணைப் பார்த்து அஞ்சுவதாலோ அது தீராது. அரைத்தட்டுக் காய்கறி, அளவான சோறு, போதிய புரதம், நாளும் அரைமணி நடை, வாரம் இருமுறை தசைப்பயிற்சி ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் கடைப்பிடிப்பதே வழி. இனி உறவினரைக் காணும்போது, இளைத்ததையோ பருத்ததையோ குறிப்பிடாமல், “நடக்கிறீர்களா? நன்றாகத் தூங்குகிறீர்களா?” என்று கேட்கப் பழகுவோமாயின், நம் அன்பு அவர்தம் உடல்நலத்துக்கும் துணையாகும்.