பின்னோக்கிச் சுழலும் கிராங்க்

இது ஒரு டீயில் முடிகிற பேச்சில்லை. இன்னொன்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

டுகாட்டி ஸ்ட்ரீட்ஃபைட்டர் வி4 என்றதும் எல்லாரும் 208 குதிரைத்திறன் என்பார்கள். 2020இல் வந்த வண்டி, 1,103 சிசி, பெட்ரோலோடு எடை சுமார் 200 கிலோ. நம் தெருவில் ஓடும் 100 சிசி வண்டிக்கு எட்டு குதிரைத்திறன்தான். மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த எண்ணைவிட, அவ்வளவு சக்தியைத் தரையில் இருத்திவைக்கச் செய்த வேலைதான் பெரிதாகப் படுகிறது.

பானிகாலே வி4 என்ற ஸ்போர்ட்ஸ் பைக்கின் காற்றைத் தடுக்கும் ஃபேரிங் உறையைக் கழற்றி, அகலமான, உயரமான ஹேண்டில்பார் பொருத்திய நேக்கட் வண்டி இது. பானிகாலேயில் டேங்க் மேல் கவிழ்ந்து ஓட்டுவோம். உடம்பின் பாரம் முன்சக்கரத்தில் இறங்கும். இதில் நிமிர்ந்து உட்காருகிறோம். பாரம் பின்னால் போகிறது, நெஞ்சில் அடிக்கும் காற்றும் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் முன்சக்கரம் எழும்பத்தான் பார்க்கும்.

கையில் பிடிக்கிற டிரில்லிங் மெஷினை ஆன் செய்யும் நொடியை நினைத்துப் பாருங்கள். பிட் ஒரு பக்கம் சுழலும். மெஷின் எதிர்ப்பக்கமாக மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பும். வேகம் சீரானதும் அந்த உதறல் அடங்கிவிடும். பைக்கிலும் இதே கதைதான். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க், சக்கரம் சுழலும் திசையிலேயே சுழலும். அது வேகமெடுக்கும்போது எதிர்விசை வண்டியின் மூக்கைத் தூக்கும். டுகாட்டி கிராங்கை மறுதிசையில் சுழலவிட்டது. இப்போது அதே எதிர்விசை மூக்கை அழுத்துகிறது! சுழலும் சக்கரங்கள் பம்பரம் மாதிரி விறைத்து நிற்பதையும் கிராங்கின் இந்த எதிர்ச்சுழற்சி கொஞ்சம் தளர்த்துவதால், வளைவில் வண்டி லேசாகச் சாய்கிறது. இதற்கு விலையும் உண்டு. திசையைத் திரும்ப மாற்ற நடுவில் ஒரு தண்டு கூடுதலாக வேண்டும். அது கொஞ்சம் சக்தியைத் தின்னும். மோட்டோஜிபி பந்தயத்தில் பழகிய கை என்பதால், தெரிந்தே கொடுத்த விலை.

வெடிப்பு வரிசையிலும் இதே அக்கறை. நான்கு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிப்பதில்லை: 0, 90, 290, 380 டிகிரி. பிறகு 340 டிகிரிக்கு மௌனம். டப்டப், டப்டப் என்று இரட்டை இரட்டையாக அடித்து நிற்கும் அந்த இடைவெளியில் பின்டயர் தரையைப் பற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கும் என்பது கணக்கு.

பக்கவாட்டில் இருக்கும் இறக்கைகள் 270 கிலோமீட்டர் வேகத்தில் 28 கிலோ அழுத்தம் தரும் என்கிறது டுகாட்டி. ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்கானால் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். 90இல் மூன்று கிலோதான். முன்சக்கரம் எழும்பாமல் தடுக்கும் வீலி கன்ட்ரோல் இருக்கிறதே என்பீர்கள். அது சக்தியைக் குறைத்துத்தான் சக்கரத்தை இறக்கும். பச்சை விளக்கு விழுந்து முதல் கியரில் கிளம்பும்போது, நாம் கேட்ட சக்தியில் கைவைக்காமல் மூக்கை அழுத்திப் பிடிப்பது உள்ளே பின்னோக்கிச் சுழலும் அந்தக் கிராங்க்தான்.