கிளிக்கும் வேலை வேண்டும்



பத்து காஜா பக்கம் பால்மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனையும் தாமானும் வந்துவிட்டன. ஆனால் அஞ்சடியில் கிளிக்கூட்டைத் தொங்கவிடும் பழக்கம் மட்டும் நம்மவர்களை விட்டுப் போகவில்லை. கூடவே அந்தப் பழைய புலம்பலும் போகவில்லை. "கதவு நிலையைக் கொறிச்சிருச்சுங்க, ஜன்னல் சட்டத்தைக் கடிச்சுப் போட்டிருச்சு, பிள்ளையோட பள்ளிக்கூடப் புத்தகத்தைக்கூட விட்டு வைக்கல, என்னதான் செய்யிறது?"

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். கிளி உங்கள் மேல் உள்ள கோபத்தில் கடிப்பதில்லை. கொறிப்பது அதன் பிறவித் தொழில். நம் நகம் போல அதன் அலகும் வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துக் கொறித்துத்தான் அது தேயும். காட்டில் இருக்கும் கிளிக்குப் பொழுது விடிந்தால் இரை தேடும் வேலை. கொட்டையை உடைக்கும் வேலை. பொந்தைக் குடைந்து பெரிதாக்கும் வேலை. அதையே கூண்டில் அடைத்து, தட்டு நிறைய விதையைப் போட்டுவிட்டால், பத்து நிமிடத்தில் தின்று முடித்துவிடும். மீதிப் பொழுதை எப்படிக் கழிக்கும்? கதவு நிலைதான் அகப்படும். அதுவும் கிடைக்காவிட்டால் சில கிளிகள் தம் இறகைத் தாமே பிடுங்கிக்கொள்ளும்.

சிலர் நகவெட்டியால் அலகை வெட்டிவிடுகிறார்கள். இது பெருங்கொடுமை. அலகுக்குள் இரத்தமும் ஓடுகிறது, நரம்பும் இருக்கிறது. வெட்டுப்பட்ட கிளி வலியில் தின்ன முடியாமல் செத்தும் போகலாம். அலகு அளவு மீறி வளர்ந்தால் ஈரல் நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே சரி. அடிப்பதும் ஏசுவதும் வீண். நாம் கத்தினால் கிளிக்கு அது விளையாட்டு. "கடிச்சா ஆள் ஓடி வருது" என்று தெரிந்துகொண்டு மறுபடியும் கடிக்கும்.

அப்படியானால் வழி? வேலை கொடுங்கள். காசு செலவில்லாத வழி நம் வீட்டைச் சுற்றியே கிடக்கிறது. மருந்து அடிக்காத கொய்யாக் கிளையைக் கழுவிப் பட்டையோடு கூண்டில் கட்டுங்கள். தேங்காய் மட்டை, சிரட்டை, மூங்கில் துண்டு எல்லாம் நல்லவை. நிலக்கடலையைத் தாளில் சுற்றி மட்டை இடுக்கில் செருகி வையுங்கள்; அதைத் தேடி எடுக்கவே அரை நாள் போகும். பச்சை மிளகாயும் கொடுக்கலாம். நம்மைப் போல் அதற்குக் காரம் உறைக்காது. சாமான்களை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கதவைக் கடிக்க வந்தால் சத்தம் போடாமல் தூக்கிக் கிளையில் விடுங்கள். அங்கே கொறிக்கும்போது தட்டிக்கொடுங்கள்.

ஆனால் எதையும் கொடுத்துவிடக் கூடாது. ரப்பர் கொட்டையும் பச்சை மரவள்ளியும் நஞ்சு. அவகாடோ, சாக்லெட், காப்பி ஆகாது. பழைய சாயத்திலும் தூண்டில் குண்டிலும் காரீயம் இருக்கும். நம்ம ஊர் லம்பத்து ஈயம் வேறு, இது வேறு. கிளியைக் கொல்வது காரீயம். புதுக்கூண்டுக் கம்பியில் துத்தநாகம் பூசியிருந்தால் புளிக்காடி தொட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே கிளியை விடுங்கள். ஒட்டாத சட்டி அடுப்பில் காய்ந்தால் கிளம்பும் புகையும் கிளியைக் கொன்றுவிடும். கூண்டை அடுப்படியில் வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மின்சார வயர். கிளி வயரைக் கடித்தால் அதன் உயிர் மட்டும் போவதில்லை. லயத்து வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்பவை. பலகைச் சுவர் வேறு. ஒரு வீட்டில் பற்றினால் வரிசையே எரியும். ஆள் இல்லாத நேரத்தில் கிளியை வெளியே விடாதீர்கள். வயரைக் குழாய்க்குள் செலுத்தி ஆணி அடித்து வையுங்கள்.

இன்னொரு செய்தி. செம்பனைப் பழம் தின்ன வரும் நீண்ட வால் பச்சைக்கிளியை மலாய்க்காரர்கள் பாயான் என்பார்கள். உயரமான மரப்பொந்தில் அது குஞ்சு பொரிக்கும். குஞ்சைப் பிடிக்க மரத்தையே சாய்ப்பவர்களும் உண்டு. காட்டுக் கிளிகளுக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. லைசென்ஸ் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். "சின்னக் குஞ்சுதானே" என்று பிள்ளைகள் கொண்டுவந்தாலும் சட்டம் பெற்றோரைத்தான் கேட்கும். கடையில் வாங்குவோர் ரசீதையும் லைசென்ஸையும் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் வனவிலங்கு இலாகாவில் விசாரியுங்கள்.

வேலை இல்லாமல் ஒரு நாள் சும்மா உட்கார்ந்தாலே நமக்குக் கை கால் பரபரக்கிறது. வாயில்லாத ஜீவனை ஆண்டுக்கணக்கில் சும்மா உட்கார வைத்துவிட்டு, அது கடிக்கிறதே என்று குறை சொல்வது நியாயமா? இன்றைக்கே ஒரு கொய்யாக் கிளையை ஒடித்து வையுங்கள். கதவும் தப்பும், கிளியும் பிழைக்கும்.