பழநிப் பாட்டுக்குப் பாஸ்போர்ட் வந்த கதை

தைப்பூச இதழுக்கு, சொந்தமாக மெட்டுப் போட்டு உலகம் சுற்றிய பாடகி ஒருவரைப் பற்றிக் கட்டுரை வேண்டும் என்றது ஆசிரியர் குழு. அவர்கள் மனசில் இருந்தது நார்வே. பனி, ஜாஸ், இசையமைத்துப் பாடும் பெண்கள் என்று அட்டைப்படத்துக்குத் தோதான சரக்குதான். ஆனால் திண்டுக்கல் மாவட்டத்துச் சித்தையன்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்லோவைப் பற்றி எழுதுவதைவிட, பக்கத்தில் செம்பட்டி வழியாக வருஷா வருஷம் பழநிக்கு நடந்து போகிற பாட்டு லண்டனுக்கும் பாரீஸுக்கும் போய்ச் சேர்ந்ததைப் பற்றி எழுத எனக்கு ஆசை. நார்வேக்குப் பிறகு வருகிறேன்.

அந்தப் பாட்டைக் கொண்டுபோன சுசீலா ராமன் 1973இல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர்கள். அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. வளர்ந்தது சிட்னியில். வீட்டில் கர்நாடக சங்கீதம், வெளியே ராக் அண்ட் ரோல். பதின்வயதிலேயே சொந்தமாக பேண்ட் வைத்து ஃபங்க் பாடினார். அங்கிருந்து ப்ளூஸ், ஜாஸ் என்று போனார். பாட்டு வகுப்புக்குப் போன பிள்ளை இங்கிலீஷ் பாட்டுக்குத் தாவியது என்றால் நம் வீடுகளில் அத்தோடு கதை முடிந்திருக்கும். இவருக்கு அங்கேதான் தொடங்கியது.

1995இல் இந்தியா வந்து ஹிந்துஸ்தானிப் பாடகி ஸ்ருதி சடோலிகரிடம் கற்றுக்கொண்டார். 1997இல் லண்டன் திரும்பி, வங்கத்து பாவுல் பாடகர் பபன் தாஸ் பாவுலோடு ஆல்பம் செய்திருந்த கிடார் கலைஞர் சாம் மில்ஸுடன் கைகோத்தார். இந்த ஜோடியின் முதல் ஆல்பம் 'சால்ட் ரெயின்' 2001இல் வந்தது. தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் அதில் இருக்கிறார்கள். இங்கிலீஷ் பாட்டுகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. வயலினும் மிருதங்கமும் இருக்க வேண்டிய இடத்தில் கிடார், செலோ, தபலா, ஆப்பிரிக்கத் தாளம். இங்கிலாந்தில் பெரிய கௌரவமாகக் கருதப்படும் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் அந்த ஆல்பம் இடம்பிடித்தது. அடுத்த ஆண்டு பிபிசி ரேடியோ 3 உலக இசை விருதுகளில் சிறந்த புதுமுகம் என்ற பெயரும் வந்தது. கீர்த்தனையைக் கிடாருக்கு ஏற்றிப் பாழாக்கிவிட்டார் என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும்; அவர்களுக்கு மார்கழி இருக்கிறது.

'லவ் ட்ராப்' 2003. 'மியூசிக் ஃபார் க்ரோக்கடைல்ஸ்' 2005. அதில் ஒரு பகுதி சென்னையிலேயே பதிவானது. மீரா நாயரின் 'தி நேம்சேக்' படத்தில் இவர் பாட்டு ஒன்று வருகிறது. இதெல்லாம் எல்லாக் கலைஞர்களின் வரலாற்றிலும் இருக்கிற மாதிரியான படிக்கட்டுகள். நான் எழுத உட்கார்ந்தது இதற்கு அடுத்த படிக்காக.

கீர்த்தனைகள் அவருக்கு வீட்டிலேயே கிடைத்தவை. முருகன் பாட்டு அப்படியில்லை. அதாவது சபாவில் பாடுகிற முருகன் பாட்டைச் சொல்லவில்லை. காவடிக்கு முன்னால், பாதயாத்திரையில், பங்குனி உத்திர மேடையில் அடிவயிற்றிலிருந்து எழுப்புகிற பாட்டு. அதைத் தேடித் தமிழ்நாட்டுக்கு வந்து, முருக பக்திப் பாடல்களில் பெயர்பெற்ற கோவை கமலாவிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். விருதுகள் வாங்கி, உலக மேடைகளில் பாடி முடித்த ஒருவர், மறுபடி பாயில் உட்கார்ந்து அரிச்சுவடி பிடித்தார். அதன் விளைச்சல்தான் 2011இல் வந்த 'வேல்' ஆல்பம். ஆல்பத்தின் பெயரே அது.

அதில் அவர் குரல் மாறியிருக்கிறது. முதல் ஆல்பத்தில் காதோரம் பேசுகிற மாதிரி இருந்த குரல், இங்கே கரகரத்து, அதட்டி, கெஞ்சி, கூட்டத்தைக் கூப்பிடுகிற குரலாகிவிட்டது. ராகம் சுத்தமா என்று அளக்கிற பாட்டு இல்லை இது. பழநி மலையடிவாரத்தில் நின்று கேட்டவர்களுக்கு அந்தத் தொண்டையைத் தெரியும்.

ஜாஸும் காவடிப் பாட்டும் எங்கே ஒட்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். பாதயாத்திரைக் குழுவில் குருசாமியோ நல்ல தொண்டை உள்ள ஒருவரோ முதல் அடி எடுப்பார். கூட்டம் வாங்கிப் பாடும். இரண்டாவது தடவை அதே அடியை அவர் அப்படியே பாட மாட்டார். ஓரிடத்தில் இழுப்பார், ஓரிடத்தில் சொல்லை உடைத்து முந்துவார், ஏறுமேட்டில் மூச்சு வாங்கினால் அதையும் தாளத்துக்குள் போட்டுக்கொள்வார். கூட்டமோ அடியை அசைக்காமல் பிடித்திருக்கும். அது இருக்கிற தைரியத்தில்தான் இவர் விளையாடுகிறார். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வயல் வேலையிலும் தேவாலயத்திலும் பாடிய பாட்டும் இந்த அமைப்புதான். ஒருவர் அழைக்க, மற்றவர்கள் பதில் சொல்ல. ஜாஸ் முளைத்த நிலங்களில் அது ஒன்று. ஆகவே சுசீலா ராமன் இரண்டு தூர தேசத்து இசைகளை வலிந்து முடிச்சுப் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

காவடிச் சிந்து என்றால் கழுகுமலை முருகன் மேல் பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வருவார். 1865இல் பிறந்து முப்பது வயதுகூட நிறையாமல் போய்ச் சேர்ந்தவர். ஏற்கெனவே தோளில் காவடியோடு நடந்தவர்கள் வாயில் இருந்த நடையை அவர் இலக்கியமாக்கினார். கால் வைக்கிற வேகம்தான் அந்தத் தாளம். அவருக்கு நானூறு வருஷம் முன்னால் அருணகிரிநாதர் திருப்புகழில் போட்ட சந்தக் கணக்கை இன்றைக்கும் தேர்ந்த மிருதங்கக்காரர்கள் விரல் விட்டு எண்ணித்தான் வாசிக்கிறார்கள். பழநிக்கென்றே அவர் பாடியவை ஏராளம்.

இப்போது நார்வே. 55 லட்சம் பேர் வாழ்கிற நாடு. 2011 கணக்குப்படி திண்டுக்கல் மாவட்டத்தில் மட்டுமே 21 லட்சம் பேருக்கு மேல். அந்தச் சின்ன நாட்டிலிருந்து ஜாஸில் இத்தனை பேர் வந்ததற்குக் குளிரைக் காரணமாகச் சொல்வது வழக்கம். எனக்குத் தெரிந்து காரணம் வேறு. 1997 முதல் அங்கே ஒவ்வொரு உள்ளாட்சியும் பிள்ளைகளுக்கு இசை, கலைப் பள்ளி நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் கணக்கில் சொன்னால், சித்தையன்கோட்டை பேரூராட்சிக்கு ஒரு பாட்டு வாத்தியார். டிரான்ட்ஹெய்ம் நகரத்து இசைக் கல்லூரியில் 1979லேயே ஜாஸுக்குத் தனிப் படிப்பு தொடங்கிவிட்டார்கள். சிட்செல் எண்ட்ரெசென் போன்ற பாடகி, பாட்டிலிருந்து சொல்லையே உதறி, வெறும் ஒலித் துண்டுகளால் பாடிக்கொண்டு ஒரு வாழ்நாளை ஓட்ட முடிகிறதென்றால், அதைக் கேட்க உட்காரும் காதுகளையும் அந்த நாடு வளர்த்திருக்கிறது.

ஆனால் சுசீலா ராமனுக்குப் பக்கத்தில் நான் நிறுத்த நினைப்பது மாரி பாய்னே என்ற நார்வேக்காரரை. 1956இல் பிறந்தவர். வட துருவ வட்டத்தை ஒட்டி வாழும் சாமி பழங்குடியைச் சேர்ந்தவர். அந்த மக்களின் யோய்க் என்ற பாட்டைப் பாவம் என்று ஒதுக்கிய கண்டிப்பான கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்து, வளர்ந்தபின் அதையே கையில் எடுத்தார். ஜாஸும் ராக்கும் கலந்து 1989இல் 'குலா குலா' ஆல்பம். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் யான் கார்பரெக்கின் 'ட்வெல்வ் மூன்ஸ்' ஆல்பத்திலும் பாடியிருக்கிறார். 1994இல் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு அழைத்தபோது, சாமி மக்களை அலங்காரப் பொம்மையாகக் காட்டப் பார்க்கிறார்கள் என்று மறுத்துவிட்டார். நம்மூரில் அப்படி ஓர் அழைப்பை மறுக்கிற கலைஞரை எத்தனை நாள் தேடுவது!

ஈழத்திலிருந்து போய் நார்வேயில் வேர்விட்ட தமிழர்கள் மத்தியிலும் இந்த இசைக் கலப்பு நடக்கிறது. ஆஸ்லோவில் யாழ்ப்பாண வேருள்ள சகோதரிகள் இருவர் நார்வே இசைக்காரர்களோடு பேண்ட் நடத்துகிறார்கள். பேண்டின் பெயர், யாழ்ப்பாணம் இருக்கும் அட்சரேகையைச் சொல்லும் '9 டிகிரி வடக்கு'. அவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

இந்த வரலாறுகளில் எல்லாம் பொதுவாக ஒன்றைப் பார்க்கிறேன். பாட்டைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போனவர்களைப் பற்றி நமக்கு ஆயிரம் சந்தேகம். திருடுகிறார்களா, கெடுக்கிறார்களா, காசு யாருக்கு. அந்தப் பாட்டு இங்கே மிச்சம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. சுசீலா ராமன் வந்து கற்றுக்கொள்ள ஒரு கோவை கமலா இருந்தார். இன்னும் இருபது வருஷம் கழித்து இன்னொரு பெண் சிட்னியிலிருந்து வந்தால், செம்பட்டி ரோட்டில் யாரிடம் உட்காருவாள்?

எங்கள் பக்கத்தில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. கோடைப் பண்பலையைப் போட்டுக்கொண்டு நாற்று நடுகிற ஊர். ஒரு டீக்கடையில் நாகூர் ஹனிபா, அடுத்த கடையில் பெங்களூர் ரமணி அம்மாள். இருவரையும் கேட்டுத்தான் வளர்ந்தோம், இன்ன மதத்துக்காரர் இன்ன பாட்டென்று பிரித்ததில்லை. ஆனால் அதெல்லாம் கேட்கிற பாட்டு. வாயால் பாடுவது குறைந்துகொண்டே வருகிறது. முன்னால் பாதயாத்திரைக் குழு என்றால் ஒரு டோலக், இரண்டு ஜோடி ஜால்ரா, அடி எடுக்க ஒரு ஆள். இப்போது முன்னால் ஒரு குட்டியானை வண்டி. அதில் ஜெனரேட்டர், ஆளுயர பாக்ஸ், சீரியல் லைட், வேல் படம். பென் டிரைவில் இருக்கிற பாட்டு ஓடும். பின்னால் நூறு பேர் மௌனமாக, செல்போனைப் பார்த்தபடி நடப்பார்கள். பக்கத்துக் குழுவின் குட்டியானையில் வேறு பாட்டு. இரண்டும் மோதுகிற இடத்தில் அரோகரா சொன்னால் பக்கத்தில் நடப்பவருக்கே கேட்காது.

வண்டி இல்லையென்றால் இளவட்டங்கள் நடக்கவே வர மாட்டார்கள் என்று குருசாமிகள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வந்த இளவட்டம் எதைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறான்? பென் டிரைவ் இரண்டாவது தடவையும் அதே இடத்தில்தான் இழுக்கும். ஏறுமேட்டில் அதற்கு மூச்சு வாங்காது. கூடப் பாடுகிறவனுக்காக அது காத்திருக்காது. நான் மேலே சொன்ன விளையாட்டு முழுவதும் அங்கே செத்துப்போகிறது. அடி எடுக்கத் தெரிந்த பெரியவர்கள் இப்போது குழுவின் கடைசியில், கால் வலியோடு, பேச்சில்லாமல் நடக்கிறார்கள். அவர்களிடம் பாடச் சொல்லிக் கேட்டால், வண்டிச் சத்தத்தில் என் தொண்டை எங்கே எடுபடப் போகிறது என்கிறார்கள். லண்டனிலும் பாரீஸிலும் காசு கொடுத்துக் கேட்கிற பாணியை இங்கே இலவசமாகக்கூட யாரும் கேட்பதில்லை.

சுசீலா ராமன் 'வேல்' ஆல்பத்தோடு நிற்கவில்லை. 2014இல் 'க்வீன் பிட்வீன்' ஆல்பத்துக்காகப் பாகிஸ்தானின் கவ்வாலி பாடகர்களோடும் ராஜஸ்தான் கலைஞர்களோடும் பாடினார். 2018இல் ஜாவா தீவின் கேமலான் வாத்தியங்களோடு 'கோஸ்ட் கேமலான்'. போன இடமெல்லாம், பலர் சேர்ந்து இசைக்கும் கூட்டங்களாகத் தேடித்தான் போயிருக்கிறார். ஆள் இருக்கிற இடத்துக்குத்தானே போக முடியும்.

பாதயாத்திரை கிளம்பும் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்று தெரியும். வெயிலுக்குப் பயந்து பாதி நடை ராத்திரியில்தான். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. திருவிழாவுக்குச் சில நாள் சலுகை கொடுத்தாலும் அது நள்ளிரவு 12 வரைக்கும்தான். அப்புறம் ஆறு மணி நேரம். செம்பட்டியைத் தாண்டி ஒட்டன்சத்திரம் ரோட்டில் ஒரு குழு நல்ல தூரம் போய்விடும் நேரம் அது. இந்தத் தையில் கிளம்புகிற குழுக்களில் ஒன்றாவது அந்த நேரத்துக்கு வண்டியை முன்னால் அனுப்பிவிட்டு, கடைசியில் நடக்கிற பெரியவரை முன்னுக்குக் கூப்பிட வேண்டும். டோலக் இல்லையென்றால் ஜால்ரா போதும்.